பெர்னார் சொன்னவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுவிஸில், பாடன் நகரத்தில் எங்கள் வீட்டுக் குசினி. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. என் மனைவி வதனி ஆட்டிறைச்சிக் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மகள் துஷா கரண்டியை எடுத்தாள். புட்டுக்கு மேல் விடப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஒரு தண்ணீர்க் கிளாஸுக்குள் கொஞ்சம் குழம்பை விட்டாள். கிளாஸின் அடியைப் பிடித்து மெல்லச் சுழற்றினாள். பிறகு மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள்.

“ஆல்சோ…” என்று ஜெர்மனில் இழுத்தாள். “அம்மா, இது போன மாசத்துத் தூள் இல்லை. இதில சீரகம் கொஞ்சம் கூடக் கருகியிருக்கு.”

வதனி திகைத்துப்போனாள். கறித்தூள் புதிதுதான். சூரிச் ஓர்லிகோனில் தமிழ்க் கடையில் வாங்குகிற தூளை விட்டுவிட்டு அந்தக் கிழமைதான் தானே வறுத்து அரைத்திருந்தாள்.

“என்ன பிள்ளை இது, சாப்பாட்டை மோந்து பாக்கிற பழக்கம்?” என்றேன் நான்.

“பெர்னார் சொன்னவர், வாய்க்கு முதல் மூக்குக்குக் குடுக்க வேணுமாம்.”

பெர்னார் சொன்னவர்! அந்த வருடம் எங்கள் வீட்டில் பிள்ளையாருக்கு அடுத்தபடியாக அடிபட்ட பெயர் அதுதான். நாளைக்கு மழை வரும் என்று பெர்னார் சொன்னவர். நித்திரை முழிக்கக்கூடாது என்று பெர்னார் சொன்னவர். சாப்பிடும்போது டிவி பார்க்கக்கூடாது என்று பெர்னார் சொன்னவர். இதெல்லாம் நான் பதினாறு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய புத்திமதிகள். நான் சொல்லும்போது காதில் வயரைச் செருகிக்கொண்டு இருந்தவள், அந்த மனுசன் பிரெஞ்சில் ஒருதரம் சொன்னதும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

போன வாரம் இந்தத் தொடரில் என் டாவோஸ் ஹோட்டல் கதை வெளிவந்த பிறகு ஒரு வாசகர் தொலைபேசியில் பிடித்தார். “அண்ணை, இந்தத் தொடரில நீங்கள் ஒருநாளாவது ஆரையும் நல்லவர் எண்டு எழுதியிருக்கிறியளோ?” என்று கேட்டார். இல்லைத்தான். ஆகவே இந்த வாரம் பெர்னார் என்கிற ஒரு நல்ல மனுசனைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது.

தகப்பனும் மகன்மாரும்

நான் அப்போது பாடன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் பரிமாறுகிற வேலை. டாவோசில் கோப்பை கழுவித் தொடங்கியவன், பாடனுக்கு வந்து ஜெர்மன் படித்து, வெள்ளைச் சேர்ட்டும் கறுப்புக் களிசானுமாக மேசைக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

டாவோசில்தான் முதன்முதலாகச் சிவப்பு வைனை வாயில் வைத்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். கழுவ வந்த கிளாஸ் ஒன்றின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஊற்றிக்கொண்டேன். இருமல் மருந்துப் பாணிக்குள் புளியைக் கரைத்த மாதிரி இருந்தது. இதற்கா இந்தச் சனங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுதுகள் என்று வாயைக் கொப்பளித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். 

சரி, பாடனுக்கு வருவோம். எங்கள் முதலாளியை எல்லாரும் ‘செஃப்’ என்றுதான் கூப்பிடுவோம். சுவிஸில் முதலாளி என்றால் செஃப், அவருக்குச் சமைக்கத் தெரியவேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் செஃபுக்கு முட்டை அவிக்கவும் தெரியாது. ஆனால் வைன் தெரியும். தன்னுடைய சிவப்பு வைனைப் பெரிய கம்பனிகளிடம் வாங்கமாட்டார். எல்லைக்கு அப்பால், பிரான்சின் பூர்கோன் பக்கம், ஒரு குடும்பம் தாங்களே கொடி வளர்த்து, தாங்களே பிழிந்து, தாங்களே போத்தலில் அடைத்து அனுப்புகிற வைன் அது. அந்தக் குடும்பத்தின் தலைவர்தான் பெர்னார்.

போத்தலில் ஒட்டிய தாளில் ஒரு கல்வீடு வரைந்திருக்கும். கீழே குடும்பப் பெயர். அதற்குப் பக்கத்தில் ‘மகன்மாரும்’ என்று பிரெஞ்சில் இருக்கும். எங்கள் ஊர்க் கடைப் பெயர்ப்பலகைகளில் ‘அன் சன்ஸ்’ என்று போடுவார்களே, அதேதான்.

வாடிக்கையாளர் கேட்டால் ஒப்புவிக்கவேண்டிய பாடம் ஒன்றை செஃப் எனக்குப் பழக்கியிருந்தார். “இந்தக் குடும்பம் ஐந்து தலைமுறையாக அதே காணியில் இருக்கிறது. அதே கொடிகள். அதே மண். குடித்துப் பாருங்கள், மண்ணே தெரியும்.” இதை நான் சிரித்த முகத்துடன் ஜெர்மனில் சொல்லவேண்டும். வருடக்கணக்காகச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ‘அதே காணியில்’ என்ற இடம் வரும்போது போத்தலைத் துடைக்கிற சாட்டில் குனிந்துகொள்வேன்.

ஏனென்றால் எங்களுக்கும் ஒரு காணி இருந்தது. யாழ்ப்பாணத்தில், பலாலிப் பக்கம். அப்போது அது ராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே கிடந்தது. அந்தக் காணியில் என்ன நிற்கிறது, என்ன பட்டுப்போனது என்று எட்டிப் பார்க்கக்கூட எங்களை விடமாட்டார்கள். ஒருத்தன் அஞ்சு தலைமுறை அசையாமல் இருக்கிறான். காணி போனவன் அதை ஊற்றிக் கொடுத்து, “நல்லாயிருக்கோ?” என்று கேட்கிறான். பெர்னாரை நேரில் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே எனக்கு அவரில் எரிச்சல் தொடங்கிவிட்டது.

துஷாவை அங்கே அனுப்பியதும் செஃப்தான். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக்கு மூன்றரை. இங்கே ஆறுதான் ஆகக் கூடிய புள்ளி. நாலுக்குக் கீழே போனால் தகப்பன் தாயைக் கூப்பிடுவார்கள். “லீவுக்கு பெர்னார் வீட்டுக்கு அனுப்பு. அவர் மனைவி கொலெத் தன் பிள்ளை மாதிரிப் பார்ப்பாள். மூன்று கிழமையில் வாய் திறக்கும்” என்றார் செஃப்.

“சாராயத் தோட்டத்துக்கோ?” என்று வதனி நெஞ்சில் கை வைத்தாள்.

“சாராயம் போத்தலுக்குள்ளதான் இருக்கும். தோட்டத்தில பழம்தான்” என்று சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தது நானேதான். நுணலும் தன் வாயால் கெடும்.

கிலோ எவ்வளவு?

இந்த இடத்தில் ஒரு சொல் விளக்கம் தேவை. இல்லாவிட்டால் தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்பிப்போவார்கள். எங்கள் மேல்மாடியில் கோயம்புத்தூர் இஞ்சினியர் ஸ்ரீராம் குழம்பின மாதிரி.

லிஃப்டுக்குள் ஒருநாள் கேட்டார், “பொண்ணு லீவுக்கு எங்க சார் போயிருக்கு?”

“பிரான்சில ஒரு முந்திரிகைத் தோட்டத்துக்கு” என்றேன்.

“அட! பிரான்ஸ்ல முந்திரி விளையுதா? தெரியவே தெரியாதே சார்!”

“பிரான்சில விளையேல்லை எண்டால் வேற எங்க விளையும் தம்பி? முழு உலகத்துக்கும் அங்கயிருந்துதானே போகுது.”

“அப்படியா? சார், தீபாவளி வருது. வரும்போது ரெண்டு கிலோ கொண்டுவரச் சொல்றீங்களா? உடைச்சதா இருந்தாலும் பரவாயில்ல, பாயசத்துக்குத்தான்.”

முந்திரிகைப் பழத்தை ஏன் உடைக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நான்காம் மாடிவரை யோசித்தேன். பிறகுதான் வெளித்தது. எங்கள் யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. அவர் கேட்ட பருப்புக்கு எங்களிடம் பெயர் கஜு. துஷா திரும்பி வந்தபோது ஸ்ரீராம் வீட்டுக்கு ஒரு போத்தல் சிவப்பு வைன்தான் போனது. பாயசம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகையோ என்று யாராவது புருவத்தை உயர்த்தினால் எனக்குக் கோபம் வரும். என்னைப் பெற்ற ஐயா தோட்டம் செய்தவர். வெங்காயம், மிளகாயோடு முந்திரிகைப் பந்தலும் போட்டிருந்தார். கொடி தலைக்கு மேலே படரும். குலைகள் கீழே தொங்கும். ஒவ்வொரு கொடிக்கும் அடியில் வட்டமாகப் பாத்தி கட்டி, அதற்கு ஒரு வரம்பு வைத்து, கிணற்றிலிருந்து இறைத்துத் தண்ணீர் கட்டுவோம். பாத்திக்குத் தண்ணீர் மாறிவிடுவது என் வேலை. வரம்பு உடைந்தால் ஐயாவின் வாய் திறக்கும். திறந்தால் மூட நேரம் எடுக்கும். எனக்கு அவரிடமிருந்து வந்த சொத்து அந்த வாய்தான்.

இதையெல்லாம் துஷாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சனிக்கிழமைகளில் சூரிச்சுக்குத் தமிழ் வகுப்புக்கு ரயிலில் கூட்டிப்போவேன். போகும்போது கதைப்பேன். பாத்தி, வரம்பு, பந்தல், ஐயாவின் ஏச்சு. அவள் என் கையில் சாய்ந்து நித்திரை கொள்வாள். நான் ஜன்னலுக்குக் கதை சொன்னதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

மருந்துக்கடையா, பெர்னாரா?

முதல் லீவு போய்வந்தாள். பிரெஞ்சுப் புள்ளி ஐந்துக்கு ஏறியது. அத்தோடு நிற்கவில்லை. இலையுதிர்கால லீவுக்கும் போனாள். குளிர்கால லீவுக்கும், வசந்த லீவுக்கும் போனாள். குளிருக்குள் கொடி வெட்டப் பழகினாள் என்று உள்ளங்கையில் காய்த்த இடத்தைக் காட்டினாள். அந்தக் கைக்கு நகம் வெட்டி வளர்த்தவன் நான். வேறு ஒருவன் தோட்டத்தில் அது காய்த்திருக்கிறது.

பள்ளிக்கூடம் முடிகிற வருடம் வந்தது. இங்கே அநேகமான பிள்ளைகள் அதற்குப் பிறகு ‘லேர’ செய்வார்கள், அதாவது ஒரு தொழிலிடத்தில் சில வருடம் சம்பளத்தோடு வேலை பழகுவது. செஃபின் தங்கச்சியைப் பிடித்து, பாடனிலேயே ஒரு மருந்துக்கடையில் துஷாவுக்கு இடம் எடுத்து வைத்திருந்தேன். வெள்ளைக் கோட்டு. நடந்துபோகிற தூரம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்.

“அப்பா, எனக்கு மருந்துக்கடை வேண்டாம். நான் பெர்னாரிட்ட லேர செய்யப்போறன்” என்றாள் துஷா. மூன்று வருடம். அங்கேயே தங்கி.

வதனி சன்னதம் கொண்டு ஆடினாள். “பொம்பிளைப் பிள்ளை வைன் காய்ச்சப் போறாள் எண்டு ஊருக்குள்ள கதைச்சால் நான் கோயிலுக்கு எப்பிடிப் போறது?”

“காய்ச்சிறேல்லை அம்மா, நொதிக்க விடுறது. பெர்னார் சொன்னவர்…”

“வாயை மூடு!” என்று கத்தினேன் நான். மேல்மாடி ஸ்ரீராமுக்கே கேட்டிருக்கும்.

துஷா அழுதுகொண்டு அறைக்குள் போனாள். வதனி சட்டென்று அமைதியாகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கு ஊர்க்கதைதான் பிரச்சினை. உங்களுக்கு அது இல்லை. உங்களுக்கு அந்தப் பெர்னார்தான் பிரச்சினை” என்றாள்.

“எனக்கென்ன எரிச்சல்? அவன் ஆர், நான் ஆர்?”

“நான் எரிச்சல் எண்டு சொல்லவே இல்லையே” என்றாள் வதனி.

அவளோடு கதைத்து வென்ற ஆளை நான் இன்னும் காணவில்லை. ஆனால் உண்மை அதுதான். பிள்ளை ஒரு பையனோடு போனாலும் ஒரு தகப்பன் மனதைத் தேற்றிக்கொள்வான். அது உலக வழக்கம். இவள் இன்னொரு தகப்பனைத் தேடிக்கொண்டு போகிறாள். அதுவும் காணியோடு இருக்கிற தகப்பனை. நான் எதைக் கொண்டு போட்டி போடுவது?

பள்ளிக்கூடம் முடிந்தது. கடைசியாக ஒரு லீவு போய்வருகிறேன் என்று அழுது கேட்டாள், விட்டோம். பெர்னாரும் எங்களை வந்து நிற்கச் சொல்லியிருந்தார். லீவு முடியும்போது நாங்களே காரில் போய், சில நாள் நின்று, கையோடு கூட்டிவருவது என்று ஏற்பாடு. மருந்துக்கடை அடுத்த கிழமை தொடங்குகிறது. சுவிஸ் பாஸ்போட் கைக்கு வந்த புதிது. எல்லையில் ஒருவரும் மறிக்கமாட்டார்கள். பெர்னாருக்கு முகத்துக்கு நேரே ‘இல்லை’ சொல்லிவிட்டு என் பிள்ளையைக் கொண்டுவருவேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

தண்ணீர்

அந்தக் கோடையில் ஐரோப்பாவில் இருந்த எவருக்கும் அந்த வெயில் மறக்காது. எங்கள் காரில் ஏசி இல்லை. ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

போத்தலில் பார்த்த அதே கல்வீடு. முற்றத்தில் பெர்னார் நின்றார். உயரம், பெரிய வயிறு, காதெல்லாம் நரைமயிர். துஷா பின்பக்கப் பொக்கற்றில் கொடி வெட்டுகிற கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். ஆள் கறுத்து, மெலிந்து, அழகாக இருந்தாள். பெர்னார் எனக்குக் கை தந்துவிட்டு, பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி கன்னத்தில் கொஞ்ச வதனியிடம் போனார். வதனி கும்பிட்டபடியே பின்பக்கமாக நடந்து கார்க் கதவில் முட்டிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் முற்றத்து மேசையில் பழைய போத்தல் ஒன்றைத் திறந்தார். தன் கையாலேயே எனக்கு ஊற்றினார். வருடக்கணக்காக மற்றவர்களுக்கு ஊற்றிய வைன். நான் இருந்து குடிக்க ஒருவர் எனக்கு ஊற்றியது அதுதான் முதல்தரம். என்னவாவது குறை பிடிக்கவேண்டும் என்று கவனமாகக் குடித்தேன். முதலில் நாவற்பழம். பிறகு மெல்லிய துவர்ப்புக் கயர். விழுங்கின பிறகும் நாக்கில் நின்றது. மழைக்குப் பிறகு வருகிற வாசம் மாதிரி ஏதோ ஒன்று. பிழை பிடிக்க ஒரு மண்ணும் இல்லை. எனக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த நாள் தோட்டத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் நிமிர்ந்து பார்க்கிற கொடியை இவர்கள் இடுப்பளவில் வெட்டி வைத்துக் குனிந்து பார்க்கிறார்கள். வீட்டு மதிலோரம் நின்ற வரிசையில் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தது. மண் வெடித்திருந்தது. என் கை தன்பாட்டில் வாளியைத் தேடியது.

“பிள்ளை, இது சாகுது. ஏன் தண்ணி விடாமல் வைச்சிருக்கினம்?”

“விடக்கூடாது அப்பா. கொடி தானாத் தண்ணி தேடிக் கீழ போகவேணும். குடுத்துப் பழக்கினால் வேர் மேலயே நிண்டிடுமாம். பெர்னார் சொன்னவர்.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். பெர்னார் சொன்னவர் என்றதும் முடிவெடுத்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் படுத்துவிடுவார்கள். நான் கொட்டிலுக்குள் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மதிலோரம் கடைசியில் நின்ற சில கொடிகளுக்கு, ஐயா கட்டுகிற மாதிரியே, அடியில் வட்டமாகப் பாத்தி கட்டினேன். வரம்பைக் கையால் தட்டி இறுக்கினேன். முற்றத்துப் பைப்பிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்றினேன். வெடித்த மண் ‘ஸ்ஸ்’ என்று இழுத்தது. நின்ற நாளெல்லாம் அதுதான் என் மத்தியான வேலை. கொடி இலையை விரித்தது. மற்றதெல்லாம் இலை பழுத்து நிற்க, என்னுடையது மட்டும் பச்சை. நாங்கள் போனபிறகு இதைப் பார்க்கட்டும், அப்போது என்ன சொல்லுறார் பார்ப்போம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. தாகத்தில் நிற்கிறதுக்குத் தண்ணீர் கொடுப்பது எந்தச் சாத்திரத்தில் பிழை?

பிரெஞ்சுச் சாத்திரத்தில் பிழையாம்.

எந்த அப்பா?

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் பெர்னார் மதிலோரம் போனார். போனவர் அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டார். நானும் துஷாவும் ஓடினோம். பெர்னார் பீற்றூட் மாதிரிச் சிவந்துபோய் என் பாத்திகளைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சுவிஸ்காரருக்கு வைன் விற்று விற்று அவருக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும். என் ஜெர்மனைவிட மோசம். இரண்டு நொண்டிகள் ஓடிப்பிடித்து விளையாடின மாதிரி எங்கள் சண்டை நடந்தது. தமிழில் போட்டால் இப்படித்தான் வரும்.

“ஆர் இது செய்தது?”

“நான்தான்.”

“உனக்கு விசரோ? தண்ணி விடக்கூடாது எண்டு இஞ்ச சட்டம். பக்கத்துத் தோட்டக்காரன் கண்டு சொன்னால் இந்த இடத்தின்ர பேரைப் போட்டு நான் வைன் விக்கேலாது. அஞ்சு தலைமுறைப் பேர்!”

துஷா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கு அந்த வீட்டில் இருந்த இடத்தையும் நான் கெடுத்துவிட்டேன். அதற்காகத்தானே வந்தேன் என்றும் ஒரு குரல் உள்ளுக்குள் சொன்னது. ஆனாலும் இப்படி வெல்ல நான் நினைக்கவில்லை.

பெர்னார் இன்னும் ஏதோ கத்த வாயைத் திறந்தார். திறந்தவர் நின்றார். மெல்லக் குந்தி, பாத்தியின் வரம்பை விரலால் தடவினார். சுற்றிவர ஒருதரம் தடவிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அப்பா” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரெஞ்சில் ஏதோ சொல்கிறார் என்று துஷாவைப் பார்த்தேன். அவள் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது எனக்குத் தெரியும். வந்த முதல் கிழமையே இவள் மண்ணில கீறிக் காட்டினவள். வட்டம், சுத்திவர வரம்பு, ஒரு பக்கத்தால தண்ணி வாற வாய். ‘எங்கட அப்பாட தோட்டத்தில இப்பிடித்தான்’ எண்டவள்.” பெர்னார் எழும்பி முழங்காலைத் தட்டினார். “நான் இப்பிடி வெட்டு எண்டால், அப்பா வேற மாதிரிச் சொன்னவர் எண்டுவாள். மேல பந்தல் போட்டால் என்ன எண்டுவாள், அப்பா சொன்னவராம். வரிசை கோணல் எண்டால் அப்பான்ர அப்பா ஏசுவாராம். காலமையும் அப்பா, பின்னேரமும் அப்பா! எனக்குத் தமிழில தெரிஞ்ச ஒரே சொல்லு அதுதான். ஆரப்பா அந்த அப்பா எண்டு பாக்கத்தான் உன்னை வரச் சொன்னனான்.”

நான் துஷாவைப் பார்த்தேன். “நீ ரெயினில நித்திரையெல்லோ கொண்டனி?”

“கண்ணைத்தானே அப்பா மூடியிருந்தனான்” என்றாள்.

பெர்னார் இன்னும் முடிக்கவில்லை. “எனக்கு ரெண்டு மகன்மார். ஒருத்தன் லியோனில பல்லுப் பிடுங்கிறான். மற்றவன் பாரிசில கம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறான். போத்தலில மட்டும்தான் ரெண்டு பேரும் என்னோட நிக்கினம். கடைசியா ஒரு பிள்ளை வந்து என்ர கொடியைத் தொடுது. தொட்டுக்கொண்டு நிண்டு வேறொருத்தன்ர தோட்டத்தைப் பற்றிக் கதைக்குது. எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லு பாப்பம்?”

எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உலகத்தில் என்னைவிட நன்றாக அது தெரிந்த ஆள் யார்? ஐந்து தலைமுறைக் காணியை வைத்துக்கொண்டு அந்த மனுசன், முள்ளுக்கம்பிக்குள் கிடக்கிற என் காணியைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறார்! எனக்குள் பாயசம் பொங்கியது. கஜு போட்ட பாயசம்.

அடுத்த நாள் காலை வதனி துஷாவின் உடுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் வைத்தாள். துஷா கண் வீங்கிப்போய் நின்றாள். நான் பெட்டியைத் தூக்கினேன். காருக்குள் ஏற்றவில்லை. படியேறி அவள் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கினேன்.

“என்ன செய்யிறியள்?” என்றாள் வதனி.

“மருந்துக்கடையில என்ன கிடக்கு? குளிசையும் மாத்திரையும்தானே” என்றேன். “மூண்டு வருசம் படிக்கட்டும்.”

துஷா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். வதனி என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “கோயிலில கேட்டால் பழச்சாறு எண்டு சொல்லுவம்” என்று முணுமுணுத்துக்கொண்டு காருக்குள் ஏறினாள். பெர்னார் வாசலில் நின்றார். எங்கள் கார் வெளிக்கிடும்போது கை காட்டினார். அவருக்கு முகம் அவ்வளவு சரியில்லை என்று எனக்குப் பட்டது. இன்னும் மூன்று வருடம் ‘அப்பா சொன்னவர்’ கேட்கவேண்டுமே! சந்தோசமாக இருந்தது.

ஒரு பெட்டிப் பழம்

அந்த வெயிலுக்குப் பழமெல்லாம் வழமைக்கு முதலே பழுத்துவிட்டதாம். பழம் பிடுங்கி முடித்து, துஷா ரயிலில் வீட்டுக்கு வந்தாள். கையில் வைன் போத்தல் அடுக்குகிற மரப்பெட்டி. மேசையில் வைத்துத் திறந்தாள். உள்ளே இலை பரப்பி, குலை குலையாகக் கறுத்த பழம். பூர்கோன் பழம் சின்னதாக, தோல் தடித்து இருக்கும். இது ஊதிப்போய், சிலது தோல் வெடித்து இருந்தது.

“அப்பா, உங்கட முந்திரிகை” என்றாள்.

அவள் ஜெர்மனில் சொல்லவில்லை, பிரெஞ்சில் சொல்லவில்லை, தமிழ் வகுப்பில் படிப்பித்தபடி திராட்சை என்றும் சொல்லவில்லை. முந்திரிகை என்றாள்.

“நீங்கள் தண்ணி விட்ட கொடியள். பெர்னார் சொன்னவர், இது தன்ர தொட்டிக்குள்ள ஒரு பழம்கூட விழக்கூடாதாம். அப்பிடியே அப்பாட்டக் குடுக்கட்டாம்.”

ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். சப்பென்று இருந்தது. புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. பாடன் பைப் தண்ணீருக்குத் தோல் போட்ட மாதிரி.

துஷா வந்து சேர்ந்த செய்தியைச் சொல்ல பெர்னார் வீட்டுக்குப் போன் எடுத்தாள். மழைபோல் கொட்டின பிரெஞ்சுக்குள் ஒரு ‘அப்பா’ வந்தது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினாள். “பழம் எப்பிடியாம் எண்டு கேக்கிறார்.”

“உன்ர ஆளின்ர வைனைவிட எவ்வளவோ நல்லம் எண்டு சொல்லு.”

சொன்னாள். அந்தப் பக்கத்தில் ஏதோ நீளமாகக் கேட்டது. துஷா விழுந்து விழுந்து சிரித்தாள். “பொய்யாம். தானும் ஒண்டு திண்டு பாத்தவராம்.”

“எனக்கும் ஒரு குலை தாங்கோவன்” என்று வதனி கையை நீட்டினாள்.

நான் பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்தப் பழம் முடியும்வரை ஒருவருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.